அக்கா வீட்டு பாய்லரும் ஒரு சொட்டுத் தண்ணியும்



இந்த இதழுக்கு டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுன்னு எடிட்டர் டீம் கேட்டப்போ, என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி எழுதிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, போன செமஸ்டர்ல என் மண்டையைக் குடைஞ்சது ப்ராஜெக்ட் இல்ல. நியூ ஜெர்சியில ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல, ஒரு பழைய பித்தளை வால்வுல இருந்து சொட்டிக்கிட்டே இருந்த தண்ணி. அது எங்க பெரியம்மா பொண்ணு வீடு. அந்தத் தண்ணி சொட்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம், இங்கிருந்து வீடியோ கால்ல நான் குடுத்த ஐடியா.

நம்ம காலேஜ்ல இருந்து எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறவங்க நிறைய பேர் இருக்கீங்க. குளிர் ஊர்ல பழைய வீட்டுல தங்கப் போறவங்களுக்கு இந்தக் கட்டுரை நேரடியா உதவும். போகாதவங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துபோன கரோஷன் யூனிட், நிஜத்துல எங்க வந்து நிக்கும்னு தெரிஞ்சுக்கலாம்.

முதல்ல, அந்த சிஸ்டம் என்ன?

நமக்கு வீட்டுல ஹீட்டர்னா குளிக்கற தண்ணிக்கு வைக்கிற கீசர்தான். அங்க குளிர்காலத்துல வீட்டையே சூடாக்கணும். அதுக்குப் பல முறை இருக்கு. அக்கா வீடு 1950கள்ல கட்டினது. அந்த மாதிரி வீடுகள்ல அதிகமா இருக்கறது சுடுதண்ணி முறை.

பேஸ்மென்ட்ல கேஸ்ல எரியுற ஒரு பாய்லர். பேர்தான் பாய்லர், தண்ணி கொதிக்கறதில்ல. சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகும், அவ்வளவுதான். ஒரு சின்ன பம்ப் அந்தத் தண்ணியை ஒவ்வொரு ரூமுக்கும் தள்ளும். ரூம்ல சுவர் ஓரமா, தரையை ஒட்டி, ஃபின் வச்ச பைப் ஓடும். தண்ணி அங்க சூட்டைக் குடுத்துட்டு, ஆறிப்போய்த் திரும்ப பாய்லருக்கே வரும். மறுபடி சூடாகும், மறுபடி சுத்தும்.

இதுல முக்கியமான விஷயம், இது மூடின சுற்று. அதாவது அதே தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டு இருக்கும். யாரும் அதைக் குடிக்கறதில்ல, குளிக்கறதில்ல. பைக் கூலன்ட் மாதிரின்னு வச்சுக்கோங்க.

இந்தச் சுற்றுல நாலு சின்ன பொருள் இருக்கு. கட்டுரை முழுக்க இது வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒண்ணு, ஃபில் வால்வ். வீட்டுத் தண்ணி லைனோட இது கனெக்ட் ஆகியிருக்கும். சிஸ்டத்துல ப்ரெஷர் குறைஞ்சா, தானே திறந்து புதுத் தண்ணியை உள்ள விட்டு 12 பிஎஸ்ஐக்குக் கொண்டு வரும். ஏன் 12? தண்ணியை 8.4 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி வைக்க அந்த ப்ரெஷர் போதும். ரெண்டு மாடி வீட்டோட மேல் ரூம் பைப் வரைக்கும் தண்ணி நிறைஞ்சு நிக்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ரெண்டு, எக்ஸ்பான்ஷன் டேங்க். தண்ணி சூடானா சுமார் 3 சதவீதம் விரியும். மூடின சுற்றுல அது எங்க போகும்? இந்த டேங்க்ல ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் காத்து இருக்கும். விரிஞ்ச தண்ணி அந்தக் காத்தை அமுக்கி இடம் பிடிச்சுக்கும்.

மூணு, ரிலீஃப் வால்வ். ப்ரெஷர் 30 பிஎஸ்ஐ தாண்டினா திறந்து தண்ணியை வெளிய தள்ளும். உயிர் காக்கற ஐட்டம். இதுல விளையாடக் கூடாது.

நாலு, நம்ம ஹீரோ, ட்ரெயின் வால்வ். பாய்லரோட அடி மட்டத்துல, பைப்ல இருந்து நீட்டிக்கிட்டு நிக்கும். பார்க்க நம்ம வீட்டு வாசல்ல ஹோஸ் மாட்டுற குழாய் மாதிரியே இருக்கும். சிஸ்டத்தைக் காலி பண்ணணும்னா மட்டும் இதைத் திறப்பாங்க. அக்கா வீட்டுல கடைசியா யார் எப்போ திறந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது.

நான் குடுத்த ஐடியா

அக்டோபர் கடைசியில ஒரு நாள் அக்கா கால் பண்ணி, "குளிர் ஆரம்பிச்சிருச்சுடா, பாய்லரை ஆன் பண்ணப் போறேன், ஏதாவது பார்க்கணுமா? நீ மெக்கானிக்கல்தானே"ன்னு கேட்டா. எனக்கு ஹீட் ட்ரான்ஸ்ஃபர்ல ஓ கிரேட். அந்தத் தெம்புல யோசிக்காம சொன்னேன்: "அக்கா, அடியில ஒரு ட்ரெயின் வால்வ் இருக்கும் பாரு. அதைத் திறந்து பழைய தண்ணியை எல்லாம் வெளிய விட்டுட்டு, புதுசா ரொப்பு. கீசர் மாதிரிதான். உள்ள அழுக்கு தங்கியிருக்கும்."

அக்கா ஹோஸ் மாட்டித் திறந்தா. கறுகறுன்னு தண்ணி வந்துச்சு. ஸ்க்ரீன்ல பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், ஏதோ பெருசாக் கண்டுபிடிச்ச மாதிரி. "பார்த்தியா, எவ்வளவு அழுக்கு! தெளிவா வர்ற வரைக்கும் விடு"ன்னேன். அரை மணி நேரம் ஓடுச்சு. தண்ணி தெளிஞ்சுது. வால்வை மூடினா.

மூடலை. அதாவது கைப்பிடி கடைசி வரைக்கும் திரும்புது, ஆனா நுனியில சொட்டு நிக்கல. மாமா வந்து இன்னும் இறுக்கித் திருகினார். முதல்ல குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் அதிகமாச்சு. கடைசியில ஒரு பக்கெட்டை அடியில வச்சுட்டு, "சொட்டுதானே, பார்த்துக்கலாம்"னு மேல போயிட்டாங்க. வீட்டுல ஏழு மாசக் குழந்தை. அவங்களுக்கு ஆயிரம் வேலை.

கறுப்பா, சிவப்பா?

நானும் அதை மறந்திருப்பேன். ஒரு நாள் தெர்மல் லேப்ல பேச்சு வாக்குல லேப் அசிஸ்டன்ட் அண்ணாகிட்ட இதைச் சொன்னேன். அவர் காலேஜுக்கு வர்றதுக்கு முன்னாடி திருப்பூர்ல ஒரு டையிங் யூனிட்ல பாய்லர் பார்த்துக்கிட்டு இருந்தவர். முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி கறுப்பா வந்துச்சா, சிவப்பா வந்துச்சா?"

"கறுப்புண்ணா."

"நல்லா இருந்த தண்ணியை எதுக்குப்பா கொட்டச் சொன்னே?"

எனக்குப் புரியல. அவர் விளக்கினதையும், அதுக்கப்புறம் நான் புக்கை எடுத்துப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணி மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேணும். குழாய்ல வர்ற புதுத் தண்ணியில ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும். தண்ணியோட குளிர்ச்சியைப் பொறுத்து, ஒரு லிட்டருக்கு 8ல இருந்து 11 மில்லிகிராம் வரை. சிஸ்டத்தை முதல் தடவை ரொப்பும்போது, அந்த ஆக்சிஜன் உள்ள இருக்கற இரும்போட சேர்ந்து கொஞ்சம் துருவை உண்டாக்கும். அதோட ஆக்சிஜன் தீர்ந்துடும். சுற்று மூடியிருக்கறதால புதுசா வராது. துருப்பிடிக்கறதும் கிட்டத்தட்ட நின்னுடும். ஆக்சிஜன் பற்றாக்குறையில உருவாகுற இரும்பு ஆக்சைடுக்குப் பேர் மேக்னடைட். அது கறுப்பு. ஆக்சிஜன் தாராளமா கிடைச்சா வர்றதுதான் நமக்குத் தெரிஞ்ச செந்துரு.

ஆக, கறுப்புத் தண்ணின்னா உள்ள ஆக்சிஜன் இல்ல, சுற்று ஒழுங்கா மூடியிருக்குன்னு அர்த்தம். சிவப்பா வந்திருந்தா, எங்கிருந்தோ புதுத் தண்ணியோ காத்தோ உள்ள போய்க்கிட்டே இருக்குன்னு அர்த்தம். நான் அழுக்குன்னு நினைச்சுக் கொட்டச் சொன்னது, ஆக்சிஜன் எல்லாம் செலவழிஞ்சு சாதுவாப் போன தண்ணி. அதுக்குப் பதிலா ரொப்பச் சொன்னது, ஆக்சிஜனும் உப்பும் நிறைஞ்ச புதுத் தண்ணி.

என் தப்பு எங்க? கீசர் லாஜிக்கை அப்படியே கொண்டு போனதுதான். கீசர்ல தினமும் புதுத் தண்ணி வருது, போகுது. உப்புத் தண்ணி ஊர்ல அடியில உப்புப் படியும், அதை அப்பப்போ வெளியேத்தறது சரி. பாய்லர் சுற்றுல தண்ணி மாறாம இருக்கறதுதான் அதோட ஆரோக்கியம். ரெண்டுமே தண்ணியைச் சூடாக்குற மெஷின். ஆனா ஒண்ணு திறந்தது, ஒண்ணு மூடினது. தெர்மோடைனமிக்ஸ் முதல் கிளாஸ்ல ஓப்பன் சிஸ்டம், க்ளோஸ்டு சிஸ்டம்னு படம் போட்டுப் படிச்சோம். ரெண்டு மார்க் கேள்வியோட அதை விட்டுட்டோம்.

சரி, ஒரு தடவை தண்ணி மாத்தினதால பாய்லர் செத்துடாது. பல வேலைகளுக்கு எப்படியும் மாத்தித்தான் ஆகணும். உண்மையான பிரச்சனை வேற. அண்ணா ரெண்டாவதா கேட்டது: "சொட்டு இன்னும் விழுதா?"

ஒரு சொட்டு என்ன பண்ணும்?

கணக்குப் போடுவோம். செகண்டுக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர்னு வச்சுக்கலாம். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். வகுத்தா சுமார் 4.3 லிட்டர். மாசத்துக்கு 130 லிட்டர்.

இந்த 130 லிட்டர் வெளிய போனா சிஸ்டத்துல ப்ரெஷர் குறையணுமே? குறையாது. ஃபில் வால்வ்தான் இருக்கே. சொட்டுக்குச் சொட்டு புதுத் தண்ணியை உள்ள விட்டு, கேஜ்ல 12 பிஎஸ்ஐ காட்டிக்கிட்டே இருக்கும். பார்க்கறவங்களுக்கு எல்லாம் நார்மல். கீழ ஒரு பக்கெட் நிறையும், அவ்வளவுதான்.

லிட்டருக்கு 10 மில்லிகிராம்னு எடுத்தா, 130 லிட்டர்ல 1.3 கிராம் ஆக்சிஜன் மாசா மாசம் உள்ள போகுது. செந்துரு உண்டாகுற சமன்பாட்டுல ஒரு கிராம் ஆக்சிஜன் சுமார் 2.3 கிராம் இரும்பைத் தின்னும். அதாவது மாசம் 3 கிராம், வருஷம் 36 கிராம். பாய்லரோட எடையைப் பார்த்தா இது ஒண்ணுமே இல்லன்னு தோணும். ஆனா துரு எல்லா இடத்தையும் சமமாத் தேய்க்காது. ஒரே இடத்துல குழி குழியா இறங்கும். மெல்லிசான பைப்ல ஒரு குழி ஆழமாப் போனா போதும், ஓட்டைதான்.

இன்னொண்ணும் இருக்கு. இந்தத் துருப் பொடி எங்க போய்த் தங்கும்? சுற்றுலயே தாழ்வான இடத்துல. அங்கதான் ட்ரெயின் வால்வ் இருக்கு. இப்போ அந்த வால்வோட உள்பக்கத்தைப் பாருங்க. பழைய மாடல்ல கைப்பிடியைத் திருகினா ஒரு தண்டு இறங்கி, அதோட நுனியில இருக்கற ரப்பர் வாஷரைப் பித்தளை சீட் மேல அமுக்கும். நம்ம வீட்டுத் திருகு குழாய் மாதிரியேதான். வருஷக்கணக்கா சூட்டுல கிடந்த ரப்பர் கெட்டியாகியிருக்கும். வாஷருக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு துருத் துணுக்கு மாட்டினா, மூடாது. மாமா மாதிரி பலமாத் திருகினா, துணுக்கு ரப்பரை வெட்டிடும். அப்புறம் எப்பவுமே மூடாது.

இப்போ வட்டம் புரியுதா? வால்வ் சொட்டுது, அதனால புதுத் தண்ணி வருது, அதனால துரு, துருவால வால்வ் இன்னும் கெடுது. சொட்டுற தண்ணியால பேஸ்மென்ட் ஈரமாகறது சின்ன விஷயம். அந்தச் சொட்டுக்குப் பதிலா உள்ள வர்ற தண்ணியாலதான் பாய்லருக்கு ஆபத்து.

அன்னைக்கு ராத்திரியே அக்காவுக்குக் கால் பண்ணேன். "தப்பு என்னோடதுக்கா, அந்த வால்வை மாத்தணும்"னு சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

முதலுதவி: ஒரு மூடி

வால்வை மாத்தறதுக்கு முன்னாடி உடனே பண்ணக்கூடியது ஒண்ணு உண்டு. ட்ரெயின் வால்வோட வாயில ஹோஸ் மாட்டுற மரை இருக்கும். அதுக்குன்னே உள்ள ரப்பர் வாஷர் வச்ச பித்தளை மூடி ஹார்ட்வேர் கடையில சில டாலருக்குக் கிடைக்கும். மாமா வாங்கி வந்து திருகினார். சொட்டு நின்னுடுச்சு.

அப்போ மாத்தவே வேண்டாமா? பல வீடுகள்ல இந்த மூடியோடயே வருஷக்கணக்கா ஓட்டுவாங்க, அது தப்பும் இல்ல. நடு ஜனவரியில உங்களுக்கு இது நடந்தா, மூடியைப் போட்டுட்டு வசந்த காலம் வரைக்கும் காத்திருக்கறதுதான் புத்திசாலித்தனம். ஆனா அக்கா வீட்டுல வால்வோட தண்டுப் பக்கத்துலயும் கசிய ஆரம்பிச்சிருந்துச்சு. அதுக்கு மூடி போட முடியாது. நவம்பர் 2வது வாரம். ராத்திரி டெம்பரேச்சர் சைபருக்குக் கீழ இறங்க இன்னும் கொஞ்ச நாள்தான். பண்ணணும்னா இப்போவே பண்ணணும்.

ஸ்ட்ரா ஐடியா

தண்ணியை முழுசாக் கொட்டாம வால்வை மாத்த முடியுமான்னு யோசிச்சேன். ஜூஸ்ல ஸ்ட்ராவை முக்கி, மேல் வாயை விரலால மூடித் தூக்கினா ஜூஸ் கீழ விழாதில்ல? வெளிக்காத்தோட அழுத்தம் கீழ இருந்து தாங்கும். கணக்குப்படி 10 மீட்டர் தண்ணியைக்கூட அது தாங்கும். அதே மாதிரி மேல எல்லா ஏர் வென்ட்டையும் மூடிட்டு, ப்ரெஷரை மட்டும் சைபருக்குக் கொண்டு வந்துட்டு, வால்வைக் கழட்டினா தண்ணி அப்படியே நிக்கணும்.

சொன்னதும் அக்கா கேட்டா, "பாட்டிலைக் கவிழ்த்தா கொட்டுதே, அதுக்கும் மேல மூடிதானே இருக்கு?"

அக்கா படிச்சது பி.காம். கேள்வி சரியான கேள்வி. ஸ்ட்ரா குறுகல். அதோட வாயில தண்ணியோட பரப்பு இழுவிசை ஒரு தோல் மாதிரி நின்னு காத்தை உள்ள விடாது. வாய் சுமார் 1 சென்டிமீட்டரைத் தாண்டி அகலமானா அந்தத் தோல் தாங்காது. காத்து குமிழியா மேல ஏறும், தண்ணி கொளக் கொளக்னு கீழ இறங்கும். முக்கால் இன்ச் பைப்போட வாய் சுமார் 2 சென்டிமீட்டர். அது பாட்டில், ஸ்ட்ரா இல்ல.

அனுபவம் உள்ள ப்ளம்பர்கள் இந்த முறையில பண்ணறது உண்டு. கையில புது வால்வ் ரெடியா வச்சுக்கிட்டு, சில செகண்ட்ல மாத்திடுவாங்க, கொஞ்சம் கொட்டும். முதல் தடவை பண்ணற நமக்கு, அதுவும் அந்தப் பழைய வால்வ் எவ்வளவு நேரத்துல கழலும்னே தெரியாத நிலையில, இது வேண்டாம்.

பார்த்தா, பாய்லர்ல இருந்து ரூம்களுக்குப் போற பைப்லயும் திரும்பி வர்ற பைப்லயும் ஷட்-ஆஃப் வால்வ் இருந்துச்சு. அதை மூடினா பாய்லர் தண்ணி மட்டும்தான் வடியும், மேல ரூம் பைப்கள்ல இருக்கறது அப்படியே இருக்கும். அதையே முடிவு பண்ணோம்.

மரையில ஒரு பொறி

இன்னொரு ஐடியாவும் குடுத்தேன். பெரியப்பா பெரியம்மா குழந்தையைப் பார்க்க டிசம்பர்ல போறாங்க, இங்கிருந்தே நல்ல பித்தளை பால் வால்வ் வாங்கிக் குடுத்து விடலாமேன்னு. இதையும் அண்ணாதான் தடுத்தார்.

இந்தியாவுல பைப் மரை பிஎஸ்பி, அமெரிக்காவுல என்பிடி. முக்கால் இன்ச் சைஸ்ல ரெண்டுக்குமே ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான். அதனால கையில திருகினா ஏறும், சரியா இருக்கற மாதிரியே தோணும். ஆனா மரையோட கோணம் இங்க 55 டிகிரி, அங்க 60 டிகிரி. ப்ரெஷர் வந்தா கசியும். அதோட, அமெரிக்காவுல ஹோஸ் மரையும் முக்கால் இன்ச்னுதான் பேர், ஆனா அது ஒரு இன்ச்சுக்கு 11.5 மரை. அது நேர் மரை, வாஷர் அமுங்கி மூடும். பைப் மரை கூம்பு வடிவம், மரையே ஒண்ணோட ஒண்ணு இறுகி மூடும். கடையில கேட்கும்போது ஒரு பக்கம் பைப் மரை, மறு பக்கம் ஹோஸ் மரைன்னு தெளிவாச் சொல்லி வாங்கணும்.

மாமா வாங்கினது கால் திருப்புல திறக்கற பால் வால்வ். உள்ள ஓட்டை போட்ட ஒரு உருண்டை இருக்கும். ஃபுல் போர்ட்னு கேட்டு வாங்கினார். ஓட்டை பைப் அளவுக்கே அகலமா இருக்கறதால, துருத் துணுக்கு மாட்டாம வெளிய போயிடும். சுடுதண்ணிக்குத் தாங்கும்னு வால்வ் மேல போட்டிருக்கான்னும் பார்த்துக்கோங்க.

அந்தச் சனிக்கிழமை

அங்க காலை 8 மணி, இங்க சாயங்காலம் 6.30. சனிக்கிழமை காலையை எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. ஏதாவது உடைஞ்சா கடை திறந்திருக்கும், ப்ளம்பர் கிடைப்பார். ஒரு ப்ளம்பர் நம்பரை முன்னாடியே எழுதி வச்சாச்சு. எந்த வேலையிலயும் திறக்கறதுக்கு முன்னாடி, மூட முடியலன்னா என்ன பண்ணுவோம்னு யோசிச்சு வைக்கணும். அக்டோபர்ல நான் யோசிக்காதது அதைத்தான்.

பண்ணின வரிசை இது.

1. முந்தின ராத்திரியே பாய்லர் சுவிட்ச் ஆஃப். 80 டிகிரி தண்ணி மேல பட்டா வெந்துடும். காலையில பாய்லரைத் தொட்டுப் பார்த்து, ஆறியிருக்கறதை உறுதி பண்ணாங்க. குழந்தையோட ரூம்ல அன்னைக்கு ஒரு கரன்ட் ஹீட்டர்.

2. ஃபில் வால்வுக்கு முன்னாடி இருக்கற குழாயை மூடினாங்க. இதை மறந்தா, நீங்க கீழ வடிக்க வடிக்க மேல ரொம்பிக்கிட்டே இருக்கும்.

3. ரூம்களுக்குப் போற, வர்ற ரெண்டு ஷட்-ஆஃப் வால்வையும் மூடினாங்க.

4. ட்ரெயின் வால்வுல ஹோஸ் மாட்டிப் பக்கெட்டுல விட்டுத் திறந்தாங்க. கேஜ் 12ல இருந்து சைபருக்கு வந்துடுச்சு. இங்க ஒரு கவனம்: கேஜ்ல சைபர்னா காலின்னு அர்த்தம் இல்ல. ப்ரெஷர் போயிடுச்சுன்னுதான் அர்த்தம், தண்ணி உள்ளயேதான் இருக்கும். பாய்லர் மேல இருந்த ஏர் வென்ட்டைத் திறந்து காத்து உள்ள போக விட்டதும்தான் வடிஞ்சுது. மூணு பக்கெட். அப்புறம் ஒழுக்கு நின்னுது. நிக்காம வந்துக்கிட்டே இருந்திருந்தா, பழைய ஷட்-ஆஃப் வால்வ் ஏதோ சரியா மூடலன்னு அர்த்தம்.

5. கழட்டுறது. இதுதான் ஆபத்தான கட்டம். வால்வ் ஒரு குட்டி இரும்பு நிப்பிள்ல மாட்டியிருந்துச்சு. மாமா ரெஞ்சைப் போட்டுத் திருப்பினார். ஏதோ அசைஞ்சுது. "கழலுது"ன்னார். அக்கா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "நிறுத்துங்க, வால்வ் திரும்பல, பின்னாடி பைப்பே திரும்புது"ன்னா. அப்படியே விட்டிருந்தா அந்தத் துருப்பிடிச்ச நிப்பிள் முறிஞ்சு, பாதி மரை உள்ளயே மாட்டியிருக்கும். அன்னைக்கு ராத்திரி ஹீட்டிங் இருந்திருக்காது.

அதனால ரெண்டு ரெஞ்ச். ஒண்ணு பின்னாடி நிப்பிளை அசையாமப் பிடிக்க, இன்னொண்ணு வால்வைத் திருப்ப. மரைக்குள்ள இறங்குற எண்ணெயை ஸ்ப்ரே பண்ணிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாங்க. இங்க பெரியம்மா என் பக்கத்துல உட்கார்ந்து, "என்னடா ஆச்சு, குழந்தைக்குக் குளிருமேடா"ன்னு பத்து தடவை கேட்டுட்டாங்க. மறுபடி முயற்சி பண்ணப்போ, க்ரீச்னு ஒரு சத்தம், வால்வ் மட்டும் திரும்புச்சு.

6. நிப்பிள் மரையைக் கம்பி பிரஷ்ல சுத்தம் பண்ணி, டெஃப்லான் டேப் சுத்தினாங்க. வால்வ் எந்தப் பக்கம் திருகி ஏறுமோ, அதே பக்கம் சுத்தணும், இல்லன்னா திருகும்போது டேப் பிரிஞ்சுக்கும். முதல் மரையை விட்டுட்டு மூணு நாலு சுத்து. கையால இறுக்கி, அப்புறம் ரெஞ்சால ஒண்ணரை ரெண்டு சுத்து. வாய் நேராக் கீழ பார்க்கணும்னு பின்பக்கமாத் திருப்பக் கூடாது, கூம்பு மரை தளர்ந்துடும். முன்னாடி கொண்டு போய்த்தான் நேராக்கணும்.

7. புது வால்வை மூடிட்டு, மெதுவா ரொப்பினாங்க. பாய்லர் ஆறியிருக்கும்போதுதான் ரொப்பணும். சூடான காஸ்ட் அயர்ன்ல குளிர்ந்த தண்ணி பட்டா விரிசல் விடும். மேல வென்ட்ல காத்து போய்த் தண்ணி எட்டிப் பார்த்ததும் மூடி, கேஜ் 12க்கு வந்ததும் ஷட்-ஆஃப் வால்வ்களைத் திறந்தாங்க. தண்ணி நிறைஞ்சதை உறுதி பண்ணாம பாய்லர் சுவிட்சைத் தொடவே கூடாது.

8. ஜாயின்ட் அடியில ஒரு டிஷ்யூ பேப்பர். ஆறியிருக்கும்போது ஒரு தடவை, நல்லா சூடானப்புறம் ஒரு தடவை பார்த்தாங்க. ரெண்டு தடவையும் காஞ்ச டிஷ்யூ. அங்க மணி 1 ஆகியிருந்துச்சு.

கழட்டின பழைய வால்வை மாமா கேமரா முன்னாடி பிரிச்சுக் காட்டினார். கல்லு மாதிரி ஆன வாஷர், அதுல பிளேடால கீறின மாதிரி ஒரு வெட்டு. சீட்டோட ஓரத்துல மிளகு அளவுக்கு ஒரு துருத் துணுக்கு. அவ்வளவுதான் வில்லன்.

நீங்க செய்யலாமா?

வாடகை வீடுன்னா தொடாதீங்க. ஹவுஸ் ஓனருக்கு போட்டோவோட எழுத்துல சொல்லுங்க, அது அவங்க பொறுப்பு. சொந்தக்காரங்க வீடா இருந்தாலும், சில ஊர்ல லைசென்ஸ் உள்ளவங்கதான் பண்ணணும்னு விதி இருக்கு, கேட்டுக்கோங்க. பைப் மேல பழைய வெள்ளைப் பூச்சு மாதிரி சுத்தியிருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், கை வைக்காதீங்க. ஷட்-ஆஃப் வால்வே இல்லன்னாலோ, நிப்பிள் உளுத்துப் போயிருந்தாலோ, ரெஞ்சைக் கீழ வச்சுட்டு ப்ளம்பரைக் கூப்பிடுங்க.

ஆனா வாடகை வீடோ சொந்த வீடோ, இது ஒண்ணு மட்டும் யார் வேணும்னாலும் பண்ணலாம். மாசத்துக்கு ஒரு தடவை பேஸ்மென்ட்ல இறங்கி, ட்ரெயின் வால்வ் நுனியை விரலால தொட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா விட்டுடாதீங்க. கேஜ் 12 காட்டுதேன்னு நம்பிடாதீங்க, அது காட்டத்தான் செய்யும்.

அக்கா புது வால்வுல ஒரு அட்டையைக் கட்டி, மாத்தின தேதியை எழுதி வச்சிருக்கா. அதுக்குக் கீழ தமிழ்ல இன்னொரு வரி: "தம்பி சொன்னாலும் சும்மா திறக்காதே." போன வாரம் கால்ல காட்டினா. அண்ணாகிட்ட போய்ச் சொன்னேன். சிரிச்சுட்டு, "அந்தத் தண்ணி இப்போ கறுத்திருக்கும், விடு"ன்னார்.